காற்று வாங்கப் போன கதை



"மன அழுத்தத்தைக் குறைக்க வழிகள் என்று இந்தக் காலாண்டு இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்தேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 1982 முதல் 2019 வரை ஒரு வங்கியில் எழுத்தராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு பழைய சென்னை வரலாற்றைப் படிப்பது பழக்கமாகிவிட்டது. எனவே வைத்தியம் சொல்லாமல், நமக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் வேலைக் களைப்பை எப்படி இறக்கி வைத்தார்கள் என்று எழுதுகிறேன் என்றேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வாகன நிறுத்தத்தில் சில இரவுகளில் ஒரு காட்சியைப் பார்க்கிறேன். ஒரு தம்பி வேலை முடிந்து பத்தரை, பதினொன்றுக்கு வருவார். வண்டியை நிறுத்துவார், விளக்கை அணைப்பார், ஆனால் இறங்க மாட்டார். இருட்டில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து ஒருநாள் கண்ணாடியைத் தட்டினேன். "ஒண்ணுமில்லை அங்கிள். ஆபீஸும் இல்லாம வீடும் இல்லாம எனக்குன்னு கிடைக்கிறது இந்த அரை மணி நேரம்தான்" என்றார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்த "அரை மணி நேரம்" என்ற சொல் எனக்குப் பழைய பெரம்பூரை நினைவுபடுத்தியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அமாவாசையும் ஞாயிறும்

நம் தாத்தா காலத்து ஊர்களில் "வீக் எண்ட்" என்று ஒன்று கிடையாது. அதற்காக ஓய்வே இல்லை என்று நினைக்கக் கூடாது. தச்சர், கொல்லர், பொற்கொல்லர் போன்ற கைத்தொழில் செய்தவர்களுக்கு அமாவாசை அன்று பட்டறை லீவு. இன்றும் பல ஊர்களில் அமாவாசை அன்று ஆசாரி வேலைக்கு வரமாட்டார். உழவருக்கு அறுவடை முடிந்த பிறகு சில வாரங்கள் கையில் வேலை இருக்காது. கோயில் திருவிழா, விடிய விடியத் தெருக்கூத்து எல்லாம் அந்த மாதங்களில்தான் வரும். மாட்டுக்குக்கூடப் பொங்கலுக்கு மறுநாள் ஓய்வு. வேலையும் ஓய்வும் நிலவையும் பருவத்தையும் பார்த்து நடந்தன.

கடிகாரம் வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. நம் ஆவடி வழியாகப் போகும் அதே பாதைதான். அடுத்த இருபது ஆண்டுகளில் பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்ஹாம் மில் (1876), பிறகு கர்நாடிக் மில் (1881) வந்தன. சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும், மறுபடி ஊதினால்தான் வெளியே வர முடியும். அமாவாசைக்கும் அறுவடைக்கும் அங்கே இடமில்லை.

பம்பாயிலும் இதே நிலைமைதான். நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் அங்கே மில் தொழிலாளர்களைத் திரட்டி, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் கேட்டார். 1890 ஏப்ரலில் நடந்த பெரிய கூட்டத்தில் பெண் தொழிலாளர்களும் மேடையேறிப் பேசினார்கள். அந்த ஆண்டு ஜூன் 10 அன்று மில் முதலாளிகள் சங்கம் ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டது. 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை இடம்பெற்றது. இன்று நாம் காலை ஒன்பது மணி வரை தூங்கி, மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கிய ஒன்று. காலண்டரில் அது தானாகச் சிவப்பாகவில்லை.

வங்கி ஊழியர்களான எங்கள் விடுமுறைக் கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தில் 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் சர் ஜான் லப்பக். அவரே ஒரு வங்கிக்காரர், பாராளுமன்ற உறுப்பினரும்கூட. ஓய்வு நேரத்தில் வீட்டில் எறும்பும் தேனீயும் வளர்த்து ஆராய்ச்சி செய்தவர். அந்தச் சட்டத்தால் கிடைத்த ஆகஸ்ட் மாத விடுமுறைக்கு மக்கள் விளையாட்டாக அவர் பெயரையே வைத்து, புனிதர் லப்பக் தினம் என்றார்கள். நம் நாட்டில் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுதான் எங்களுக்கு விடுமுறை கொடுத்தது. அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. ஒரு உண்டியலின் தவணை முடிந்த பிறகும் மூன்று நாள் கருணை நாட்கள் கொடுக்க வேண்டும். பி.காம். வகுப்பில் இதை மனப்பாடம் செய்தபோது எதுவும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது: ஒரு துண்டுக் காகிதத்துக்கே மூன்று நாள் அவகாசம் உண்டு என்றால் மனுஷனுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பெரம்பூரின் அரை மணி நேரம்

இப்போது அந்த அரை மணி நேரத்துக்கு வருகிறேன்.

1918 வாக்கில் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களில் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டு, மறுபடி வாசலுக்குள் நுழைய வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் கதவு மூடிவிடும். தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று இந்த இடைவேளை போதவில்லை என்பதுதான். கூலி உயர்வு கேட்டது ஒரு பக்கம் இருக்க, நிம்மதியாகச் சாப்பிட நேரம் கொடுங்கள் என்றும் கேட்டார்கள்.

அவர்கள் எங்கே கூடிப் பேசினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மில்லுக்குப் பக்கத்தில் செல்வபதி செட்டியார் என்ற வியாபாரி கடை வைத்திருந்தார். அவரும் இராமானுஜுலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற ஒன்றோடு தொடர்பு வைத்திருந்தார்கள். வேலை முடிந்தவர்கள் வந்து உட்கார்ந்து சமயச் சொற்பொழிவு கேட்கும் இடம் அது. திரு.வி.க. அங்கே பேசியிருக்கிறார். பகலெல்லாம் தறிச் சத்தம் கேட்ட காதுக்கு மாலையில் நல்ல தமிழ் கேட்பது எப்படிப்பட்ட ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள். களைப்பாற வந்தவர்கள் பக்கத்தில் இருந்தவரிடம் தன் கஷ்டத்தைச் சொன்னார்கள். அவருக்கும் அதே கஷ்டம் என்று தெரிந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவரானார். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றில் இடம் பெற்றது இதுதான்.

ஐந்து ஆண்டு கழித்து, 1923 மே 1 அன்று, சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இரண்டு கூட்டங்கள். உலகம் முழுவதும் மே தினத்தின் கோரிக்கை ஒன்றுதான்: எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், மீதி எட்டு மணி நேரம் நமக்கு. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை (1959) பக்கம் போகும்போது அந்த மூன்றாவது எட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இவற்றில் பலவற்றை எழுத்தில் கொண்டுவந்தது. வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஐந்து மணி நேர வேலைக்கு முன்பே குறைந்தது அரை மணி நேர ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுமுறை. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஓய்வறையும் சாப்பாட்டு அறையும் இருக்க வேண்டும். ஆவடி டேங்க் ஃபேக்டரியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் குடியிருப்பில் இருக்கிறார்கள். அந்த ஓய்வறையின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

நேரம் கிடைத்தால் போதுமா, இடம்?

நேரம் கிடைத்துவிட்டது. போய் உட்கார இடம் வேண்டாமா?

மெரினா இன்று இருப்பது போல எப்போதும் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டியதால் அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கடற்கரை அகலமானது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், கரையோரம் நடைபாதை அமைத்து, 1884-இல் அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். இத்தாலியின் சிசிலித் தீவில் பார்த்த கடற்கரை நினைவாக வைத்த பெயர் அது. சென்னை ராஜதானி தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) லட்சக்கணக்கான மக்களைப் பறிகொடுத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கஷ்ட காலத்தில் நடைபாதை எதற்கு என்று யாராவது கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் கட்டியவர் போய்ச் சேர்ந்த பிறகும் சாமானியர்கள் அந்த மணலை விடவில்லை. ஒண்டுக் குடித்தனத்தில் எட்டுப் பேர் இருந்த குடும்பத்துக்கு மாலையில் கடற்கரைதான் கூடம், திண்ணை எல்லாம்.

"காற்று வாங்கப் போகிறேன்" என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லைக் கணக்கன் என்ற முறையில் ரொம்ப ரசிப்பேன். காசு கொடுக்காமல் வாங்கக்கூடிய ஒரே சரக்கு அதுதான்.

அடுத்து வானொலி. 1924-இல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது. பணத்தட்டுப்பாட்டால் அது சில ஆண்டுகளில் நின்றுபோனது. ஆனால் அதன் கருவிகளை மாநகராட்சி எடுத்துக்கொண்டு, 1930 ஏப்ரல் 1 முதல் மாலை நேர ஒலிபரப்பை நடத்தியது. வீட்டில் ரேடியோ வாங்க எத்தனை பேருக்கு முடியும்? அதனால் மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். புல்தரையில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து கச்சேரி கேட்கலாம். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும் வரை மாநகராட்சிதான் ஊருக்குப் பாட்டுப் போட்டது. குப்பை அள்ளுவதும் குழாயில் தண்ணீர் விடுவதும் மட்டும் நகராட்சி வேலை, பாட்டு அதன் வேலை இல்லை என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

கிராமத்துக்கும் ஓர் உதாரணம். 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தார். வயல் வேலை முடித்து வருகிறவரைத் தேடிப் புத்தகம் வந்தது. 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தபோது, சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் நம்முடையதாக இருந்தது. உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். நாம் இன்றும் கட்டுகிறோம். கட்டிய பணத்துக்கு நூலகத்துக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருகிறோமா என்பது வேறு விஷயம்.

இன்னொரு வழியும் இருந்தது

நல்ல வழியை மட்டும் சொன்னால் அது பாதிக் கணக்கு. களைப்பை இறக்க மனிதர்கள் கள்ளுக்கடைக்கும் போனார்கள். அதை ஒளிக்க முடியாது.

ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. இது ஊரறிந்த செய்தி. அதிகம் பேசாத செய்தி ஒன்று உண்டு. கடையை மூடினால் மட்டும் போதாது, கடையில் கழிந்த அந்த மாலை நேரத்துக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்று அன்றே புரிந்துகொண்டார்கள். பஜனை, கூத்து, விளையாட்டு, தேநீர்க் கடை என்று மாற்று ஏற்பாடுகளுக்கு ஊக்கம் கொடுத்தார்கள். என்னைப் போன்ற காமர்ஸ் பட்டதாரிகளுக்கு இதில் ஒரு துணைப் பாடமும் உண்டு. மது வருமானம் குறைந்ததை ஈடுகட்ட ராஜாஜி அரசு கொண்டுவந்ததுதான் 1939-ஆம் ஆண்டு சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். மதுவிலக்கு போய், வந்து, மறுபடி போனது. விற்பனை வரி மட்டும் பெயர் மாறி மாறி நம்மோடு நின்றுவிட்டது.

அந்தச் சேலத்துக் கருத்து இன்றைக்கும் சரி என்றே நினைக்கிறேன். குடியோ சிகரெட்டோ, இரவு இரண்டு மணி வரை ஃபோனைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதோ, விட்டுவிடு என்று சொன்னால் யாரும் விடுவதில்லை. அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்பதற்கு வழி வேண்டும்.

2016-இல் நான்

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகள்தான். நவம்பர் 10 வங்கி திறந்தபோது நான் கேஷ் கவுண்ட்டரில் இருந்தேன். வரிசை தெரு முனை வரை நின்றது. 12 சனிக்கிழமை, 13 ஞாயிற்றுக்கிழமை இரண்டு நாளும் வங்கி திறந்திருந்தது. லோகண்டே வாங்கிக் கொடுத்த ஞாயிறு அந்த வாரம் எங்களுக்கு இல்லை. வரிசையில் நின்றவர்களுக்கும்தான் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

ஒருநாள் இரவு கணக்கு முடிக்கும்போது நாலாயிரம் ரூபாய் குறைந்தது. புது இரண்டாயிரம் நோட்டு, வழவழவென்று இருக்கும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு யாருக்கோ போயிருக்க வேண்டும். மூன்று தடவை எண்ணினோம். கிடைக்கவில்லை. வழக்கப்படி என் கையிலிருந்து கட்டினேன். பணம் போனதைவிட, 34 வருட சர்வீஸில் கை தவறிவிட்டதே என்ற எண்ணம்தான் தூங்கவிடவில்லை.

வீட்டுக்கு வந்து டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஒரு மணி வரை உட்கார்ந்திருப்பேன். மிக்சர் பொட்டலம் காலியாவது தெரியாது. மனைவி ஏதாவது கேட்டால் எரிந்து விழுவேன். டிசம்பரில் டாக்டரிடம் போனபோது ரத்த அழுத்தம் 170/110. மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்தது. ஆனால் என்னைத் திருத்தியது எங்கள் கிளையின் காவலர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆவடிக்காரர். இருவரும் ஒரே ரயிலில் திரும்புவோம். ஆவடியில் இறங்கியதும் அவர் நேரே வீட்டுக்குப் போக மாட்டார். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பார். ஃபோனை எடுக்க மாட்டார். கால் மணி நேரம் கழித்து எழுந்து போவார். ஒருநாள் என்னையும் உட்காரச் சொன்னார். "சார், தலையில இருக்கிற மூட்டைய இங்கயே இறக்கி வெச்சிட்டுப் போங்க. அம்மா பாவம், அவங்களுக்கும் நோட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

மறுநாளும் உட்கார்ந்தேன். அடுத்த நாளும். பேச்சு பெரும்பாலும் அவர் வளர்த்த நாயைப் பற்றியும் பட்டாலியன் சமையலைப் பற்றியும்தான். வங்கியைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவர் விதி. பிப்ரவரியில் டாக்டர் அளந்தபோது அழுத்தம் 140/90. மாத்திரை பாதி, பெஞ்சு பாதி என்று நான் கணக்கு எழுதிக்கொண்டேன். டாக்டர் முழுவதையும் மாத்திரைக் கணக்கில்தான் எழுதியிருப்பார்.

ஏரிக்கரை நமக்கு வந்த கதை

2019-இல் இரண்டு நல்ல காரியம் நடந்தது. நான் ஓய்வு பெற்றேன், பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்து நடைபாதையோடு திறந்தார்கள். ஆவடி மாநகராட்சியானதும் அதே ஆண்டுதான். சேக்காட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். கடல் இல்லாத நமக்கு ஏரிதான் மெரினா. காலையில் அங்கே நடப்பவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தால், ஆவடிக்காரர்கள் இத்தனை வருடம் இதற்காகத்தான் காத்திருந்தார்கள் என்று தோன்றும்.

மறு வருடம் ஊரடங்கு வந்து ஏரியும் மூடியது. அப்போது நம் மொட்டைமாடி எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? முகக்கவசத்தோடு இடைவெளி விட்டு வட்டமாக நடந்தோம். பக்கத்து ஃப்ளாட்டில் பத்து வருடம் இருந்தவர் பெயரை நான் அந்த மாடியில்தான் தெரிந்துகொண்டேன். நோய் பயம் எல்லோருக்கும் இருந்தது, ஆனால் அதைத் தனியாகச் சுமக்கவில்லை.

வரலாற்றைப் புரட்டிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த கணக்கு இதுதான். களைப்பாற மூன்று முதல் வேண்டும்: நேரம், இடம், துணை. லோகண்டேயும் பெரம்பூர்க்காரர்களும் நேரம் வாங்கிக் கொடுத்தார்கள். மெரினாவும் பூங்காவும் ஏரியும் இடம் கொடுத்தன. சபையும் ரேடியோ ஒலிபெருக்கியும் துணை சேர்த்தன. மூன்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கு இடிக்கிறது. காரில் உட்காரும் அந்தத் தம்பிக்கு நேரம் அரை மணி இருக்கிறது. இடம் கார் சீட்டுதான், துணை யாரும் இல்லை.

செய்யக்கூடிய சில

உபதேசம் செய்யவில்லை. எனக்கு உதவியதையும் டாக்டர்கள் பொதுவாகச் சொல்வதையும் மட்டும் எழுதுகிறேன்.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பெஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் போதும். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் லேப்டாப்பை மூடியதும் ஒரு தடவை கீழே இறங்கி, வளாகத்தைச் சுற்றிவிட்டு மறுபடி 'வீட்டுக்கு' வாருங்கள்.

வாரத்துக்கு 150 நிமிட நடை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாளைக்கு அரை அரை மணி நேரம். மறுபடி அதே அரை மணி!

மூச்சை நிதானமாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் படபடப்பு அடங்கும். செலவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது.

ராத்திரி "ஒரு ரவுண்டு போட்டால் தூக்கம் வரும்" என்பது உண்மைதான். ஆனால் அது நடுராத்திரியில் கலைந்துபோகும் தூக்கம்.

இவை எதற்கும் அடங்காமல் நாள் கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் வெட்கப்படாமல் டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இதைப் படித்துப் பார்த்த என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "ஞாயித்துக்கிழமை வந்த கதையெல்லாம் சரிங்க. அடுப்பங்கரைக்கு ஞாயித்துக்கிழமை எந்த வருஷம் வந்தது?" என்னிடம் தேதி இல்லை. அதனால் போன மாதம் முதல் ஞாயிறு காலை டிபன் என் பொறுப்பு. உப்புமா இப்போது கட்டி தட்டுவதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

வரும் பொதுக்குழுவில் தரைத்தளப் பொது அறையைப் பற்றிய தீர்மானம் வருகிறது. கேரம் போர்டும் இரண்டு நாளிதழும் இருக்கும் அந்த அறையை, ஆன்லைன் பார்சல்களை வைக்கும் அறையாக மாற்றலாம் என்பது யோசனை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் அங்கே தினமும் கேரம் ஆடுபவன். எனவே என் பேச்சில் சுயநலம் இருக்கிறது, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பார்சல் பிரச்சினை நிஜமானது. வாட்ச்மேன் நாற்காலியைச் சுற்றி அட்டைப் பெட்டி அடுக்கி, அவர் கால் நீட்ட இடமில்லை. பண்டிகைக் காலத்தில் பொருள் மாறிப்போய்ச் சண்டையும் வந்தது. தீர்மானம் கொண்டுவந்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் யோசனை இது: செக்யூரிட்டி கேபினுக்குப் பின்னால் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இடத்தில், பிளாக் வாரியாகத் தட்டுப் போட்ட இரும்பு அலமாரி ஒன்று வைக்கலாம். செலவில் ஒரு பகுதியைக் கேரம் ஆடும் நாங்கள் ஐந்து பேர் கொடுக்கத் தயார். அறை அறையாகவே இருக்கட்டும். மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரை பெண்களுக்கு. மாலை ஏழிலிருந்து இரவு பதினொன்றரை வரை எல்லோருக்கும். எங்கள் சத்தம் அதிகம் என்று முதல் மாடியில் சொல்கிறார்கள், நியாயம்தான். ஒன்பதரைக்கு மேல் கேரம் கிடையாது, நாற்காலியும் பேச்சும் மட்டும்.

பதினொன்றரை எதற்கு என்று கேட்பீர்கள். அந்தத் தம்பியிடம் போன வாரம் கேட்டேன். "உள்ளே விளக்கு எரிஞ்சா வந்து உட்காருவேன் அங்கிள்" என்றார். விளக்கை அணைத்துப் பூட்டும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு இந்த வயதில் எப்படியும் சீக்கிரம் தூக்கம் வருவதில்லை.

வேறு யோசனை இருப்பவர்கள் பொதுக்குழுவில் சொல்லுங்கள். எது முடிவானாலும் கட்டுப்படுவேன்.



— உங்களில் ஒருவன், ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர், சேக்காடு